முக்திநாத் வழியில் எடுத்த சாளக்கிராமத்துக்குள் கடல் பிராணி: மலை மேல் எப்படி வந்தது?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அத்தை, அத்திம்பேரோடு நேபாளத்தில் உள்ள முக்திநாத் போய்விட்டு வந்தேன். போகாராவில் இருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், காலையில் மட்டும்தான் பறக்கும், பகல் ஏற ஏற அந்தப் பள்ளத்தாக்கில் காற்று ஆளையே தள்ளிவிடும் என்றார்கள், அனுபவித்தும் பார்த்தோம். வழியில் காக்பேனி பக்கம் காளி கண்டகி ஆற்றுப் படுகையில் இறங்கி அத்தை சாளக்கிராமம் தேட ஆரம்பித்துவிட்டார். கூட வந்த உள்ளூர்ப் பையன் ஒரு கறுப்பு உருண்டைக் கல்லை எடுத்து இன்னொரு கல்லால் ஒரு தட்டுத் தட்டினான். தேங்காய் உடைவது போல இரண்டாகப் பிளந்தது. உள்ளே கைமுறுக்கு மாதிரி ஒரு சுருள், வரி வரியாக. ஒரு பாதியில் உரு, மறு பாதியில் அதன் அச்சு. அத்தை "சக்கரம்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். பையன் "கடல் பூச்சி" என்றான்.

ஊருக்கு வந்ததில் இருந்து மண்டைக்குள் இதுதான் ஓடுகிறது. நாங்கள் போன முக்திநாத் 3700 மீட்டருக்கு மேல். அந்த உயரத்துக்குக் கடல் ஏறியதா, இல்லை நிலம் ஏறியதா? பள்ளிக்கூடத்தில் "புவித்தட்டுகள் மோதி இமயமலை உருவானது" என்று ஒரு வரி மனப்பாடம் செய்து 2 மார்க் வாங்கியது ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கண்டம் மோதினால் மலையே மடிகிறது, இந்தச் சின்ன ஓடு மட்டும் எப்படி நொறுங்காமல் வரி கலையாமல் இருக்கிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், நான் காமர்ஸ் படித்தவள்.

பாறைச்சுத்தி எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி. முப்பது வருடம் சுத்தியும் திசைகாட்டியுமாக மலை மலையாக ஏறி இறங்கியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் சொன்னது கிட்டத்தட்ட சரி. அதன் பெயர் அம்மோனைட். கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள், ஆனால் இது சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போன அதே கணக்கில் இதுவும் பூண்டோடு போயிற்று. உங்கள் அத்தை வைத்திருப்பது அதற்கும் வெகு முந்தியது, ஜுராசிக் காலத்தது, 14 கோடி ஆண்டுக்கு மேல் வயது.

ஏறியது நிலம்தான். இன்று உலகத்தில் உள்ள பனி மொத்தமும் உருகினாலும் கடல் மட்டம் 70 மீட்டர் அளவுக்குத்தான் உயரும், 3700 மீட்டருக்கு ஏற்றுவதற்குத் தண்ணீரே கிடையாது. முக்திநாத்தை விடுங்கள், எவரெஸ்ட் உச்சியில் ஏறுகிறவர்கள் கடைசியாகக் கால் வைக்கிற பாறையே கடலடிச் சுண்ணாம்புக்கல். 8848 மீட்டரில், பனிக்குக் கீழே, 40 கோடி ஆண்டுக்கும் பழைய கடல் அல்லி என்கிற பிராணிகளின் தண்டுத் துண்டுகளும், டிரைலோபைட் என்கிற அழிந்துபோன கடல் பிராணிகளின் துணுக்குகளும் அதில் கிடக்கின்றன.

இப்போது கதை. அந்த அம்மோனைட் நீந்திய காலத்தில் இந்தியா இங்கே இல்லை. அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் இவற்றோடு ஒட்டிக்கொண்டு தெற்கு அரைக்கோளத்தில் இருந்தது. அந்தப் பெருங்கண்டத்துக்குத்தான் கோண்ட்வானா என்று பெயர், நம் மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் பெயரில் இருந்து வந்தது. இந்தியாவின் வடகரைக்கு அந்தப் பக்கம் ஆசியா வரைக்கும் டெதிஸ் என்ற பெரிய கடல். உங்கள் அம்மோனைட் அந்த வடகரையோரச் சேற்றில்தான் செத்து விழுந்தது. ஆக அத்தையின் பூஜை அறைக்கு வந்திருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே செத்த ஜீவன். இந்தியா வடக்கே நகர்ந்தபோது வண்டியின் முன் பம்பரில் ஒட்டிய மண் போலக் கூடவே வந்திருக்கிறது.

13 கோடி ஆண்டுவாக்கில் அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தோம், சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கரும் கழன்றது. அதன்பிறகு இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமக்கிற பாறைப் பாளம், பிடித்த வேகம் பெரிது, ஒரு கட்டத்தில் வருடத்துக்கு 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஓடியிருக்கிறது. உங்களுக்கு இது ஆமை வேகமாகத் தோன்றலாம். தட்டுகளின் உலகத்தில் இது எக்ஸ்பிரஸ்.

வரும் வழியில் நடுவில் இருந்த டெதிஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. கடல்தரை கறுப்பு எரிமலைப் பாறையால் ஆனது, ஆறி ஆறிக் கனத்துப் போயிருக்கும், சாய்ந்து, மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் என்ற அடுக்குக்குள் இறங்கிவிடும். சிக்கல் எப்போது வந்தது என்றால், கடல்தரை தீர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன், இந்தியக் கண்டத்தின் விளிம்பே, கடல்தரை இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தபோது. கண்டத்தின் பாறை எடை குறைவு, கட்டையைத் தண்ணீரில் அமுக்குவது மாதிரி, முழுசாக முங்காது. பின்னால் இருந்து தள்ளுவது மட்டும் நிற்கவில்லை. ஜே.சி.பி. மண்ணைத் தள்ளும்போது வாளிக்கு முன்னால் ஏடு ஏடாகக் குவியுமே, அப்படி மேலே இருந்த கடலடிப் படிவுகள் உரிந்து, மடிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கீழ்ப்பகுதி திபெத்துக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்தது. சாதாரணமாகக் கண்டத்தின் மேலோடு 35 கிலோமீட்டர் தடிமன் இருக்கும், திபெத்தில் அது சுமார் 70. அந்த இரட்டைத் தடிமனால்தான் திபெத் சராசரியாக 4500 மீட்டருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது.

ஓடு ஏன் நொறுங்கவில்லை என்பதற்கு வருகிறேன். செத்த பிராணி சேற்றில் அழுகும்போது அதைச் சுற்றி நடக்கிற ரசாயன மாற்றத்தில் அந்த இடத்துச் சேறு மட்டும் சீக்கிரமே இறுகி உருண்டையாகிவிடும். மற்ற சேறு பின்னால் மெதுவாகக் களிப்பாறையாகும், கறுப்பாக, ஏடு ஏடாக, கையால் பிய்க்கலாம். மலை மடிந்தபோது வளைந்ததும் வழுக்கியதும் அந்த மென்மையான பாறைதான். உருண்டை உள்ளே பத்திரம். வெள்ளை மாவில் மூடின கொழுக்கட்டைக்குள் பூரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறு வந்து களிப்பாறையை அரித்துத் தின்றது, உருண்டை மட்டும் தப்பிப் படுகையில் உருண்டது. உடைத்த முகத்தில் தங்கப்பொடி மாதிரி ஏதாவது மின்னுகிறதா பாருங்கள். மின்னினால் அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், காற்றில்லாத சேற்றில் புதைந்ததற்கு அடையாளம்.

ஆனால் மலை நெடுக எல்லாக் கல்லுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆழத்துக்குப் போனவை வெந்து உருமாறிவிட்டன, அவற்றில் ஓடும் கிடையாது வரியும் கிடையாது.

அரியலூரான் எழுதியது:

சுத்தி சார் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கடல் பிராணி நிலத்தில் கிடந்தாலே கண்டம் மோதியது என்று அர்த்தம் இல்லை. எங்கள் ஊருக்கு வாருங்கள். காரை, ஊட்டத்தூர் ஓடைகளில் மழை பெய்து முடிந்த மறுநாள் குனிந்து நடந்தால் இதே அம்மோனைட் காலில் தட்டும், சில ஊர்களில் வண்டிச்சக்கரம் அளவுக்குப் பெரியதுகூட எடுத்திருக்கிறார்கள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி அடுக்கடுக்காக, செங்கல் அடுக்கினது போல இருக்கும். நான் சிமெண்டுக்குக் கல் வெட்டுகிற சுரங்கத்தில் சூப்பர்வைசர். தமிழ்நாட்டில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் அரியலூர்க் கடல் பூசியிருக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

எங்களுடையது சுமார் 11 கோடி ஆண்டில் தொடங்கி 6.6 கோடி வரை வந்து வந்து போன கடல். ஊர் இப்போது கடல் மட்டத்தில் இருந்து 100 மீட்டர் அளவுதான். அண்டார்டிகா கழன்றபோது நம் கிழக்குக் கரை கிழிந்து இறங்கியது, பள்ளத்தில் கடல் புகுந்தது, பிறகு பின்வாங்கியது. இங்கே நடந்தது பிரிவு, அங்கே நடந்தது மோதல். அதனால்தான் அதே பிராணி எங்கள் ஊரில் தரையோடு கிடக்கிறது, முக்திநாத்தில் மூச்சு வாங்குகிற உயரத்தில் கிடக்கிறது. அப்புறம் பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறதே, அதுவும் இந்தக் கடல் கணக்குதான், கரையில் இருந்து அடித்து வந்து சேற்றில் புதைந்து கல்லானது.

காவிரிக்கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கொழுக்கட்டை உவமை அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பைரைட் இருக்கிறது சார், டார்ச் அடித்தால் மினுக்குகிறது!

ஒரு பாயை விரித்து அதன் ஒரு முனையைச் சுவரில் முட்டவைத்து, தம்பி பையனை மறுமுனையில் இருந்து தள்ளச் சொன்னேன். சுவரோரம் மூன்று மடிப்பு எழுந்தது, நடுவில் எதுவுமே இல்லை. அங்கே மட்டும் ஏன் அப்படி மடிந்த மலை, அரியலூரில் ஏன் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் புதுச் சந்தேகம். இப்போதும் நகர்கிறதா? நகர்ந்தால் எவ்வளவு? அவ்வளவு மெதுவாகப் போகிறது என்றால் திடீரென்று நேபாளத்தில் பூகம்பம் எதற்கு? காத்மாண்டுவில் இன்னும் சில கோயில்களைச் சாரம் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

பாறைச்சுத்தி எழுதியது:

பாய் சோதனை அருமை, பையனுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

நகர்கிறது. இன்று வருடத்துக்குச் சுமார் 4 சென்டிமீட்டர், நம் நகம் வளர்கிற வேகம். இதை 5 கோடியால் பெருக்கிப் பாருங்கள், காமர்ஸ்காரர்தானே, 2000 கிலோமீட்டர் வருகிறது. மோதிய பிறகும் இந்தியா அந்த அளவுக்கு உள்ளே தள்ளியிருக்கிறது. ஆரம்பத்தில் இதைவிட வேகம் என்பதால் நிஜக் கணக்கு இன்னும் கூடுதலாகவே வரும். உயரத்துக்கும் அதே கணக்குதான். தேய்மானம் போக வருடத்துக்கு 1 மில்லிமீட்டர் மிஞ்சினாலே ஒரு கோடி ஆண்டில் 10 கிலோமீட்டர், எவரெஸ்டைத் தாண்டிவிடும். தேய்மானம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை என்பது வேறு விஷயம். நீங்கள் நின்ற காளி கண்டகியையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் தௌலகிரி 8167 மீட்டர், மறுபக்கம் அன்னபூர்ணா 8091, நடுவில் ஆறு ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் கீழே ஓடுகிறது. மலை எழ எழ ஆறு அறுத்துக்கொண்டே போயிருக்கிறது. அறுத்த மண் எங்கே? கங்கை வழியாக வங்கக்கடலில். இலங்கைக்குத் தெற்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி 1987-ல் கடலடியில் துளை போட்டார்கள், அங்கேயும் வந்தது இமயமலை மண். எனக்கு இந்தத் துறையில் இன்றும் பிரமிப்பு தருகிற தகவல் இதுதான்.

பூகம்பத்துக்கு வருவோம். அந்த 4 சென்டிமீட்டரில் பாதி, அதாவது சுமார் 2 சென்டிமீட்டர், இமயமலைக்கு அடியில் தீர்ந்தாக வேண்டும், மீதி திபெத்திலும் அதற்கு அப்பாலும். இந்தியா சரிவாக உள்ளே நுழைகிற அந்தத் தளம் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்குவதில்லை. மேல்பகுதியில் உராய்ந்து பூட்டிக்கொள்கிறது. பின்னால் தள்ளல் நிற்காது, மலை மெல்ல மெல்ல வில் மாதிரி வளைந்து அமுங்குகிறது. நூறு வருடம் பூட்டிக் கிடந்தால் 2 மீட்டர் பாக்கி சேர்ந்துவிடும். பூட்டு பிய்ந்தால் அந்தப் பாக்கி மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் வசூல். 2015 ஏப்ரல் 25-ல் 7.8 அளவில் நடந்தது அதுதான், சுமார் 9000 பேர் போனார்கள். காத்மாண்டு பள்ளத்தாக்குத் தரை அந்தச் சில நொடிகளில் ஒரு மீட்டர் அளவுக்கு மேலே எழுந்து தெற்கே நகர்ந்தது, வடக்கே உயர்ந்த சிகரங்கள் உள்ள பகுதி மாறாகக் கொஞ்சம் இறங்கியது. வில் விட்டதும் நிமிர்கிறது அல்லவா, அந்தக் கணக்கு. பூகம்பம் வந்தால் மலை உயரும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான்.

1934-ல் நேபாளம்-பீகார், 1950-ல் அசாம்-திபெத் எல்லையில் 8.6. எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தின் வெவ்வேறு பக்கங்கள்.

போர்ட்பிளேர்_தமிழன் எழுதியது:

பாறைச்சுத்தி அண்ணா, அதே தட்டின் கிழக்கு ஓரத்தில், அந்தமானில் குடியிருக்கிறவன் பேசுகிறேன். எங்கள் பக்கம் மலை மோதல் எல்லாம் இல்லை, நீங்கள் முதலில் சொன்ன அந்தக் கடல்தரை அடியில் இறங்குகிற வேலைதான் இன்னும் நடக்கிறது. அதனால் எங்களுக்குக் கிடைத்தது ஆழ்கடல் பள்ளம், பாரன் தீவு எரிமலை, 2004.

டிசம்பர் 26 பற்றி எல்லோரும் அலையைத்தான் பேசுவார்கள். நான் பார்த்தது வேறு. அலை போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. போர்ட்பிளேர் பக்கம் சிப்பிகாட் என்ற ஊரில் எங்கள் மாமா வயல் இருந்தது, நெல்லும் கொஞ்சம் பாக்கும். வடிந்துவிடும் என்று ஒரு வாரம் பார்த்தார், ஒரு மாதம் பார்த்தார். தினமும் இரண்டு தடவை கடல் ஏறி வரப்பை மூடியது. நிலமே ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. பாக்கு மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போய் வருஷக்கணக்கில் குச்சி குச்சியாக நின்றன. இப்போது அங்கே பறவை பார்க்க கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். கிரேட் நிகோபார் முனையில் இந்திரா பாயிண்ட் கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் நிற்கிறது, அங்கே 4 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. அதே நாளில் வடக்கு அந்தமானில் தலைகீழ். பவளப்பாறை தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் வெளுத்துச் செத்தது. ஒரே பூகம்பம், ஒரே காலைப்பொழுது. மாமா செட்டில்மெண்ட் ஆபீசுக்கு நடந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். பட்டா இருக்கிறது, நிலம் கடலில் இருக்கிறது.

குமரிமைந்தர் எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்கள், குமரிக்கண்டம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? தட்டு நகர்வால் நிலம் கடலில் இறங்கும் என்று மேலே அண்ணனே சொல்லிவிட்டார். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருந்த பெருநிலம் அப்படி மூழ்கியிருக்கக் கூடாதா? வெள்ளைக்காரனே லெமூரியா என்று ஒத்துக்கொண்டானே.

முருகைக்கல் எழுதியது:

குமரிமைந்தர் தம்பி, நான் யாழ்ப்பாணம். எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணறு வெட்டினால் சிப்பி வரும், அதனால் கடல் கொண்ட நிலம் என்ற பேச்சில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை.

லெமூரியா என்ற பெயரை 1864-ல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். லெமூர் என்ற மரத்தில் வாழும் விலங்குகளும் அவற்றின் உறவுகளும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருக்கின்றன, ஆப்பிரிக்காவில் குறைவு, ஆகவே நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். கண்டங்கள் நகரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வேகனர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதை 1912-ல் சொன்னபோதுகூடச் சிரித்தார்கள், அவர் 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் செத்துப்போய் முப்பது வருடம் கழித்துத்தான் நம்பினார்கள். இரண்டு கரையும் ஒரு காலத்தில் ஒட்டியே இருந்தன என்று தெரிந்த பிறகு நடுவில் ஒரு கண்டத்தை மூழ்கடிக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. வெள்ளைக்காரன் ஒத்துக்கொண்டான், பிறகு அவனே கைவிட்டுவிட்டான். நாங்கள்தான் இன்னும் பிடித்துக்கொண்டு இருக்கிறோம்.

குமரிக்குத் தெற்கே கடல்தரை அளந்து முடிந்த இடம். கண்டம் என்றால் 35 கிலோமீட்டர் தடிமன் பாறை, அது அமிழாது என்பதைத்தான் மேலே பெரியவர் கட்டை உவமையில் சொன்னார். தெற்கே இருப்பது 7 கிலோமீட்டர் அளவு தடிமனுள்ள எரிமலைப் பாறைத் தரை. சிப்பிகாட்டில் இறங்கியது ஒரு மீட்டர் தம்பி. ஒரு கண்டம் இறங்குவதற்கு அதை உதாரணம் காட்ட முடியாது.

கடல்கோள் பொய் என்று இதனால் ஆகிவிடாது. பஃறுளி ஆற்றைக் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்வதற்குப் பின்னால் ஏதாவது நினைவு இருக்கலாம். 20,000 ஆண்டுக்கு முன் கடல் இன்றையதைவிட 120 மீட்டர் தாழ்வு. பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது, மன்னாரில் இருந்து ராமேஸ்வரத்துக்குச் செருப்பு நனையாமல் நடந்து போயிருக்கலாம். பனி உருகி அந்த நிலத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. அது பனியின் வேலை, தட்டின் வேலை இல்லை.

குமரிமைந்தர் எழுதியது:

முழுக்க ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் அந்த 120 மீட்டர் விஷயம் எனக்குப் புதுசு, படித்துப் பார்க்கிறேன்.

மத்தியகைலாஷ் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 2012 ஏப்ரல் 11 மதியம் சென்னையில் ஆபீஸ் எல்லாம் ஆடி எல்லோரும் தெருவில் நின்றோமே, நாற்காலி தானாக உருண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுவும் இந்த அந்தமான் கணக்குதானா? அன்றைக்குச் சுனாமி வரும் என்று பயந்து பெரிதாக ஒன்றும் வரவில்லையே, ஏன்?

பாறைச்சுத்தி எழுதியது:

அது விநோதமான பூகம்பம். 8.6 அளவு, ஆனால் தட்டு அடியில் இறங்குகிற விளிம்பில் இல்லை, அதற்கு மேற்கே தட்டின் உடம்புக்குள்ளேயே வெடித்தது. பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, கடல்தரை மேலே எழவில்லை, அதனால் தண்ணீரை அவ்வளவாகத் தூக்கவில்லை. வடக்கே இமயமலை முட்டுக்கட்டை போடுகிறது, பின்னால் தள்ளல் தொடர்கிறது, நடுவில் கடல்தரையே நெளிகிறது. இலங்கைக்குத் தெற்கே துளை போட்டார்கள் என்று சொன்னேனே, அந்த இடத்திலேயே படிவுகள் மடிந்து கிடக்கின்றன. காவிரிக்கரை அம்மா, பாயின் நடுவில் எதுவுமே எழவில்லை என்றீர்கள். இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

தள்ளினான் சார், நடுவில் ஒரு மடிப்பு லேசாக எழுந்தது, அதற்குள் பாய் ஓரம் கிழிந்து பாட்டியிடம் இரண்டு பேரும் திட்டு வாங்கினோம்.

அரியலூரான் அண்ணா, உடைந்த கல்லை அத்தை சந்தனம் வைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார், பின்னமானதற்குப் பூஜை உண்டா என்று வாத்தியாரிடம் கேட்டிருக்கிறார். அவர் சாளக்கிராமம் உடைந்தாலும் தோஷம் இல்லை என்றாராம். இப்போது அத்தைக்கு உங்கள் ஊர்ச் சக்கரத்தையும் பார்க்க வேண்டுமாம். திருச்சியில் இருந்து ஒரு நாளில் போய் வர முடியுமா?

அரியலூரான் எழுதியது:

தாராளமாக. முதலில் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் பாருங்கள், பெயர்ப்பலகையோடு வைத்திருக்கிறார்கள், வெயிலில் அலைய வேண்டாம். அப்புறம் காரை ஓடை, ஆனால் அத்தைக்கு மூட்டுவலி இருந்தால் மேலே நின்று பார்ப்பதோடு சரி, சிவப்பு மண் சரிவு வழுக்கும். காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். பார்க்கலாம், தொடலாம், எடுத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.